தீர்ப்பெழுதும் கையும் விசை இழுக்கும் கையும்



மனுநீதிச் சோழன் கதை நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையும் இருக்கிறது. கன்றைப் பறிகொடுத்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று கதையைச் சொல்லி முடித்துவிடுகிறோம். சேக்கிழார் பாடிய கதையில் நடுவில் இன்னொருவன் நிற்கிறான். இளவரசன்மேல் தேரை ஓட்டும் வேலையை மன்னன் முதலில் தன் அமைச்சன் ஒருவனிடம்தான் ஒப்படைக்கிறான். அமைச்சனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆணையைத் தட்டவும் முடியவில்லை. அங்கிருந்து அகன்றுபோய்த் தன் உயிரை விட்டுவிடுகிறான். அதன் பிறகே மன்னன் தானே அந்த வேலையில் இறங்குகிறான். முடிவில் இறைவன் அருளால் கன்றும் இளவரசனும் அமைச்சனும் உயிர்பெற்று எழுந்துவிடுவதால், அந்த அமைச்சன் ஏன் சாக வேண்டியிருந்தது என்று நாம் கேட்காமலே இருந்துவிட்டோம்.

இன்று நான் பேச வந்திருப்பது அந்த அமைச்சனைப் பற்றித்தான். சொன்னதைச் செய், இல்லாவிட்டால் செத்துப்போ என்ற இரண்டு வழிகளுக்கு நடுவே அவனுக்கு மூன்றாவது வழி எதுவும் இல்லை. ஒருவர் உள்ளத்தில் சரியென்று நம்புவதும், வாங்கும் சம்பளத்துக்காகச் செய்ய வேண்டியதும் மோதிக்கொள்ளும்போது நாம் வழக்கமாகத் துணிச்சலைப் பற்றிப் பேசுகிறோம். எதிர்த்து நின்றவரைப் பாராட்டுகிறோம், பணிந்து போனவரைக் குறை சொல்கிறோம். நான் கேட்க விரும்பும் கேள்வி அதற்கு முந்தையது. அந்த மனிதர் மறுப்பதற்கு அந்த வேலையில் வழி வைத்திருந்தார்களா? வைத்திருந்தால், அது யாருக்கு?

இதை மரண தண்டனை என்ற ஒரே இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். ஓர் உயிரை எடுக்கும் வேலை அங்கே பல கைகள் மாறிப் போகிறது. வாக்குமூலம் எழுதும் போலீஸ் அதிகாரி, வழக்கறிஞர், நீதிபதி, கருணை மனுவைப் பார்க்கும் குடியரசுத் தலைவர், சிறைக் கண்காணிப்பாளர், சிறை மருத்துவர், கடைசியில் விசையை இழுக்கும் ஆள். ஒரே செயலில் இத்தனை பேருடைய கடமையும் மனச்சான்றும் வரிசையாக நிற்பதை வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

வரிசையின் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். ஜனார்த்தனன் பிள்ளை என்பவர் நாகர்கோவில் பக்கத்தில் வாழ்ந்தவர். முதலில் திருவிதாங்கூர் மன்னருக்கும், பிறகு சுதந்திர இந்திய அரசுக்கும் தூக்கிலிடுபவராக வேலை பார்த்தார். மூன்று பத்தாண்டுகளில் 117 பேரைத் தூக்கிலிட்டவர். அவரைச் சந்தித்துப் பேசிய சசி வாரியர் அந்த வாழ்க்கையை ஆங்கிலத்தில் நாவல் வடிவில் எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது 'தூக்கிலிடுபவரின் குறிப்புகள்' என்று தமிழிலும் வந்திருக்கிறது. சட்டம் படிக்கும் ஒவ்வொருவரும் தூக்குத் தண்டனைக்குரிய அரிதினும் அரிதான வழக்கு எது என்று மனப்பாடம் செய்வதற்கு முன்னால் அந்த நூலைப் படித்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். வறுமையால் அந்த வேலைக்குப் போன ஒருவர், முதுமையில் தன் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் தவிப்பதை அதில் பார்க்கலாம்.

அதே திருவிதாங்கூரை வைத்து அடூர் கோபாலகிருஷ்ணன் 2002இல் 'நிழல்குத்து' என்ற படத்தை எடுத்தார். அதில் காளியப்பன் என்ற தூக்கிலிடுபவர் வருகிறார். நிரபராதி ஒருவனைத் தூக்கில் போட்டுவிட்டோம் என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டே இருக்கிறது, குடிக்கிறார். அந்தப் படம் காட்டும் ஒரு வழக்கம் என்னை விடாமல் தொந்தரவு செய்வது. மன்னர் மரண தண்டனையை உறுதிசெய்து அனுப்புவார். பாவம் தன்னைச் சேரக் கூடாது என்பதற்காக மன்னிப்பு ஆணை ஒன்றையும் பின்னாலேயே அனுப்புவார். அந்த ஆணை, தூக்குப் போட்டு முடிந்த பிறகே சிறைக்கு வந்து சேரும்படி பார்த்துக்கொள்வார்கள். மன்னர் மன்னித்துவிட்டார். தூக்கிலிட்டவனுக்கோ மன்னிப்பு எங்கிருந்தும் வரவில்லை. படத்தின் இறுதியில், கொலைக்கு எதிரான காந்திய நம்பிக்கையோடு வளர்ந்த மகன் அந்த வேலையைச் செய்யப் போகிறான். அப்பனின் பாவம் பிள்ளைக்கு வேலையாக இறங்குகிறது.

இது மன்னர் காலத்தோடு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட அஃப்சல் குருவை 2013 பிப்ரவரி 9 அன்று திகார் சிறையில் தூக்கிலிட்டார்கள். அவருடைய கருணை மனு நிராகரிக்கப்பட்ட செய்தி காஷ்மீரில் இருந்த குடும்பத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்பப்பட்டது. கடிதம் கையில் கிடைத்த நாள் பிப்ரவரி 11. அரசு தன் கடமையைச் செய்துவிட்டது, கடிதம் போட்டுவிட்டது. தூக்கிலிடும்போது உடனிருந்த திகார் சட்ட அலுவலர் சுனில் குப்தா ஓய்வுபெற்ற பின், அன்று வீட்டுக்குப் போய் அழுததாக வெளிப்படையாகச் சொன்னார். ஆணையில் கையெழுத்திட்டவர்கள் யாரும் அந்தக் கொட்டடிக்கு வர வேண்டியதில்லை. அங்கே நின்றாக வேண்டியவர் அவர்தான்.

நம் சிலப்பதிகாரம் இந்த இடத்தை எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. கொலைக்களக் காதையில் கோவலனைக் கொல்ல வந்த காவலர்கள் அவனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்று அவர்களுக்கே தோன்றிவிடுகிறது. பொற்கொல்லன் கள்வர்களின் திறமைகளைப் பற்றி நீளமாகப் பாடம் நடத்துகிறான். சொன்னதைச் செய்யாவிட்டால் அரசன் நம்மைத் தண்டிப்பான் என்ற பேச்சும் எழுகிறது. அந்தத் தயக்கத்தின் நடுவே கல்வியறிவற்ற, குடிபோதையில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அறிவுள்ளவர்களின் ஐயத்துக்கு எந்த வழியும் இல்லாதபோது, ஐயமே இல்லாதவன் காரியத்தை முடித்துவிடுகிறான். எந்த அலுவலகத்திலும் இன்று நடப்பது இதுதான். ஒரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. பாண்டிய மன்னன் உண்மை தெரிந்ததும் வாளெறிந்தவனைக் காட்டிவிட்டுத் தப்பிக்கவில்லை. பழியைத் தன்மேல் எடுத்துக்கொண்டு அரியணையிலேயே உயிர்விட்டான். தாமதமாக வரும் மன்னிப்பு ஆணையை அவன் எழுதவில்லை.

இனி நீதிபதிகளிடம் வருவோம். இங்கே நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

வி.ஆர். கிருஷ்ணய்யர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத் துறையையும் கவனித்தார். அதற்கு முன் சில காலம் சிறையில் இருந்தும் பார்த்தவர். 1973இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, மரண தண்டனை தவறு என்ற உறுதியான நம்பிக்கை அவரிடம் இருந்தது. சட்டத்திலோ மரண தண்டனை இருந்தது. அவர் என்ன செய்வது? நம்பிக்கை இல்லாத தண்டனையை விதிப்பதா, பதவியை விட்டுப் போவதா?

அவர் சட்டத்துக்குள்ளேயே தேடினார். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 354ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, மரண தண்டனை விதிப்பதென்றால் சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும் என்றது. அதைப் பற்றிக்கொண்டார். 1974இல் எடிகா அன்னம்மா வழக்கில், தண்டிக்கப்பட்ட பெண்ணின் இளம் வயது, அவளுடைய குழந்தை, அவள் வாழ்ந்த வாழ்க்கை எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். 1979இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் இன்னும் முன்னேறி, சமூகத்தின் பாதுகாப்புக்கே ஆபத்தானவர்களுக்கு மட்டுமே தூக்கு என்று வரையறுக்கப் பார்த்தார். உடன் இருந்த நீதிபதி ஏ.பி. சென் அதை ஏற்கவில்லை. சட்டத்தைத் திருத்தி எழுதுவது நாடாளுமன்றத்தின் வேலை, நீதிபதியின் வேலை அல்ல என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, மரண தண்டனை அரசமைப்புக்கு ஏற்றதே, ஆனால் அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டும் என்றார்கள். பி.என். பகவதி ஒருவரே அதிலிருந்து மாறுபட்டார்.

கிருஷ்ணய்யரை மிகவும் மதிக்கிறவர்களில் நானும் ஒருவர். ஆனாலும் சென் எழுப்பிய கேள்வியை ஒதுக்கிவிட என்னால் முடியாது. ஒவ்வொரு நீதிபதியும் தன் அறத்தைத் தீர்ப்பில் எழுதினால், ஒருவன் உயிர் பிழைப்பது எந்த அமர்வில் வழக்கு வந்தது என்பதைப் பொறுத்ததாகிவிடும். அது நடந்தும் இருக்கிறது. ஹர்பன்ஸ் சிங் வழக்கு சட்ட மாணவர்களுக்குத் தெரியும். ஒரே கொலைக் குற்றம், மூன்று பேர், ஒரே அளவு பங்கு. வெவ்வேறு அமர்வுகளுக்குப் போனார்கள். ஒருவருக்குத் தண்டனை குறைந்தது. ஒருவர் 1981 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவரின் மனு வந்தபோதுதான் உச்ச நீதிமன்றமே அதைக் கவனித்தது. 2004இல் வீரப்பன் கூட்டாளிகள் நான்கு பேர் ஆயுள் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்தபோது உச்ச நீதிமன்றம் அதைத் தூக்காக உயர்த்தியது. பத்தாண்டு கழித்து, 2014 ஜனவரியில், நம் ஊர்க்காரரான தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு சத்ருகன் சௌகான் வழக்கில் அந்த நால்வர் உட்பட 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. கருணை மனு நிராகரிக்கப்பட்ட செய்தி கிடைத்த நாளுக்கும் தூக்கிலிடும் நாளுக்கும் நடுவே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும், அந்தச் செய்தி குடும்பத்துக்கும் உரிய நேரத்தில் சேர வேண்டும் என்ற விதியும் அந்தத் தீர்ப்பில்தான் வந்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஹாரி பிளாக்மன் என்ற நீதிபதி இருந்தார். 1972இல் பெரும்பான்மை மரண தண்டனைச் சட்டங்களை ரத்து செய்தபோது அவர் மாறுபட்டார். மரண தண்டனை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் என் விருப்பத்தைத் தீர்ப்பாக எழுத எனக்கு உரிமையில்லை என்பது அவர் நிலை. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த நிலையிலேயே இருந்து, 1994இல் ஒரு டெக்சாஸ் வழக்கில், இனி இந்தக் கொலை எந்திரத்தோடு எனக்கு ஒட்டும் உறவும் இல்லை என்ற பொருளில் எழுதினார். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்பது நியாயமும் ஆகாது. அவரிடம் மாறுபடும் உரிமை இருந்தது, அதை அவர் மனம் கனிந்தபோது பயன்படுத்தினார். நான் கவனிக்கச் சொல்வது அந்த உரிமை அவருக்கு இருந்தது என்பதைத்தான்.

நீதிபதிகளுக்கு இப்படிப் பல வழிகள் உண்டு. வழக்கிலிருந்து விலகிக்கொள்ளலாம், மாறுபட்ட தீர்ப்பு எழுதலாம், சட்டத்தின் ஒரு சொல்லை விரித்துப் பொருள் கொள்ளலாம். ஓய்வு பெற்ற பிறகு பேசலாம். கே.டி. தாமஸ் அப்படிப் பேசியவர். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதிசெய்தது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் தாமஸ். அந்த நால்வரில் ஒருவரான நளினிக்கு ஆயுள் போதும் என்று அப்போதே மாறுபட்டு எழுதினார். 2013இல், இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தவர்களை இனித் தூக்கிலிடுவது அரசமைப்புக்கே விரோதம் என்று பகிரங்கமாகச் சொன்னார். பின்னர் சோனியா காந்திக்குக் கருணை காட்டும்படி கடிதமும் எழுதினார். மாறுபடும் வழிக்கும் விலை உண்டு. 1976இல் நெருக்கடி நிலையின்போது, ஆட்கொணர்வு மனு உரிமையைப் பறிக்க முடியாது என்று தனியாக எழுதிய எச்.ஆர். கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி கிடைக்காமல் போனது. அவர் பதவி விலகினார். விலை இருந்தாலும் வழி இருந்தது.

அதே ராஜீவ் வழக்கில் வரிசையின் இன்னொரு இடத்தில் இருந்தவரைப் பாருங்கள். அந்த நால்வரில் இன்னொருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வு அதிகாரி, 2013இல் ஒரு பேட்டியில், பேரறிவாளன் சொன்ன முக்கியமான ஒன்றைத் தாம் எழுதவில்லை என்றார். குண்டுக்குப் பயன்பட்ட பேட்டரி எதற்காக வாங்கப்படுகிறது என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை விட்டுவிட்டதாகச் சொன்னார். பிறகு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்தார். 2014 பிப்ரவரியில் தூக்கு ரத்தானது. 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலை ஆனார். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு உயிரிழந்தவர்களின் குடும்பங்களின் வலி ஒருபுறம் இருக்கிறது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் இந்த அதிகாரியின் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். பலர் இதைக் கடமைக்கும் மனச்சான்றுக்கும் இடையே நடந்த மோதல் என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாக்குமூலம் பதிவு செய்வோரின் கடமையே, சொன்னதைச் சொன்னபடி எழுதுவது. அதை முழுமையாகச் செய்திருந்தால் மனச்சான்று குத்தியிருக்காது. பணியிடத்தில் நாம் மோதல் என்று நினைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். மேலதிகாரி விரும்புவதை, அல்லது வழக்கு வெல்ல வேண்டும் என்ற நெருக்கடியை, நாம் கடமை என்று பெயரிட்டுக்கொள்கிறோம். உண்மையான கடமை மனச்சான்றின் பக்கமே நின்றுகொண்டிருக்கும்.

மருத்துவரின் நிலை இன்னும் கொடியது. தூக்கிலிடப்படுபவர் அதற்குத் தகுதியான உடல்நிலையிலும் மனநிலையிலும் இருக்கிறாரா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். கொல்லப்படுவதற்கு ஏற்ற ஆரோக்கியம் என்று சான்றிதழ் தர வேண்டும். பிறகு கீழே காத்திருந்து இறந்துவிட்டார் என்று உறுதிசெய்ய வேண்டும். நோயைத் தீர்ப்பதற்குப் படித்தவருக்கு இது என்ன வேலை? அமெரிக்க மருத்துவர் சங்கம் தன் உறுப்பினர்கள் தண்டனை நிறைவேற்றத்தில் பங்கெடுக்கக் கூடாது என்று நெறி வகுத்திருக்கிறது. 2006 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் மைக்கேல் மொராலஸ் என்பவருக்கு விஷ ஊசி போட ஏற்பாடானது. நீதிமன்றம் மயக்கவியல் மருத்துவர்கள் அருகில் இருக்க வேண்டும் என்றது. கைதிக்கு நினைவு திரும்பினால் தாங்களே தலையிட வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், குறித்த நேரத்துக்குச் சற்று முன்னால் இரு மருத்துவர்களும் விலகிக்கொண்டார்கள். தண்டனை நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு கலிபோர்னியாவில் ஒருவர்கூடக் கொல்லப்படவில்லை. அவர்கள் தனி ஆளாக நிற்கவில்லை. பின்னால் ஒரு தொழிலின் நெறி முழுவதும் நின்றது.

இந்த இடத்தில் எதிர்வாதத்தைக் கேட்க வேண்டும். அதைக் காந்தியே சொல்லியிருக்கிறார் என்பதுதான் கடினம். 1930 ஏப்ரல் 23, பெஷாவர், கிஸ்ஸா குவானி கடைத்தெரு. ஆயுதமில்லாத குதாயி கித்மத்கார் இயக்கத்தினரின் கூட்டத்தின்மேல் சுடச் சொன்னபோது, கடுவாலி படைப்பிரிவைச் சேர்ந்த சந்திர சிங்கும் அவரோடு இருந்த வீரர்களும் சுட மறுத்தார்கள். இராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1941இல்தான் வெளியே வந்தார். வட்டமேசை மாநாட்டை ஒட்டி ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் காந்தியிடம், இந்த வீரர்களை ஏன் நீங்கள் பாராட்டவில்லை என்று கேட்டார். சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்ட சிப்பாய் ஆணையை மீறுவது குற்றம்தான் என்றார் காந்தி. நாளை ஆட்சி எங்கள் கைக்கு வந்தால் இதே சிப்பாய்களையும் அதிகாரிகளையும் கொண்டுதான் நாங்களும் நடத்த வேண்டும், இன்று மீறக் கற்றுக்கொடுத்தால் அன்றும் மீறுவார்களே என்பது அவர் கவலை.

முதலில் படித்தபோது அந்தப் பதில் என்னைப் புண்படுத்தியது. இப்போது அதன் நியாயம் புரிகிறது. ஒவ்வொரு சிப்பாயும் தன் விருப்பப்படி நடக்கும் படை, ஆயுதமேந்திய கும்பல்தான். ஆனாலும் கடுவாலிகள் செய்ததை அப்படிச் சொல்ல முடியாது. ஓடிப்போகவில்லை, ஒளிந்து கெடுக்கவில்லை. முகத்துக்கு நேரே மறுத்தார்கள், தண்டனையை ஏற்றார்கள். அது காந்தி கற்றுக்கொடுத்த வழியேதான். விடுதலைக்குப் பிறகு நாம் இயற்றிய 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டமும், சட்டத்துக்கு உட்பட்ட ஆணையை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. அதே ஆண்டில் சர்வதேசச் சட்ட ஆணையம் தொகுத்த நியூரம்பர்க் கோட்பாடுகளில் நான்காவது, மேலதிகாரி சொன்னார் என்பதால் ஒருவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று சொல்லிவிட்டு, அறநெறிப்படி வேறுவிதமாக நடக்கும் வாய்ப்பு அவருக்கு உண்மையில் இருந்ததா என்று பார்க்கச் சொல்கிறது. நாம் தொடங்கிய கேள்வியே அதுதான்.

மறுப்பு எல்லாம் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. 2015இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு மாவட்ட எழுத்தர், ஒருபாலினத் திருமணங்களுக்கு உரிமம் தருவது தன் மதநம்பிக்கைக்கு எதிரானது என்று மறுத்தார். தான் மறுத்ததோடு, கீழே இருந்தவர்களும் தரக் கூடாது என்றார். சில நாட்கள் சிறை வைக்கப்பட்டார். நம் ஊரிலும் சாதி மறுப்புத் திருமணத்தைப் பதிவு செய்ய வந்தவர்களை ஏதாவது ஒரு தாளைச் சாக்காக வைத்து அலையவிடும் அலுவலர், தன் மனதுக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்லலாம். அவர் மறுப்பின் விலையை அவர் தருவதில்லை, எதிரில் நிற்கும் அந்தப் பிள்ளைகள் தருகிறார்கள். சில சமயம் உயிரையே தருகிறார்கள். மறுப்பவர் தானே விலை கொடுத்தால் அதை மனச்சான்று என்பேன். விலையை எளியவர் தலையில் ஏற்றினால் அது வெறும் அதிகாரம்.

மருத்துவத்தில் இந்தக் கோட்டை ஓரளவு தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். பிரிட்டனின் 1967ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் மனச்சான்றின்படி பங்கெடுக்க மறுக்கும் உரிமையைத் தருகிறது. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மறுக்க முடியாது. 2014இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த இரண்டு கத்தோலிக்கப் பேறுகாலச் செவிலியர்கள், பிரசவப் பிரிவில் கருக்கலைப்பு வேலையை மற்றவர்களுக்கு ஒதுக்குவதும் தங்கள் மனச்சான்றுக்கு எதிரானது என்றபோது, நேரடியாகக் கைவைக்கும் வேலைக்கு மட்டுமே இந்த உரிமை என்றது பிரிட்டன் உச்ச நீதிமன்றம். இந்தியாவின் 2002ஆம் ஆண்டு மருத்துவக் கழக நெறிமுறைகள், மருத்துவத் தேவை இருக்கும்போது மதக் காரணத்தை மட்டும் சொல்லிக் கருக்கலைப்பையோ குடும்பக் கட்டுப்பாட்டையோ மறுக்கக் கூடாது என்கின்றன. பக்கத்தில் வேறு மருத்துவமனையே இல்லாத ஊரில், ஒரே ஒரு மருத்துவரின் நம்பிக்கை ஓர் ஏழைப் பெண்ணின் விதியாகிவிடக் கூடாது என்பதே இதன் நியாயம். இதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

ஆகவே மறுக்கும் வழியை அமைக்கும்போது இரண்டு கண்களாலும் பார்க்க வேண்டும். யாருக்கு அது கிடைக்கவில்லை என்பது ஒன்று, அதனால் யார் பாதிக்கப்படுவார் என்பது இன்னொன்று. மேலே இருப்பவர்களுக்கு வழிகள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. அகில இந்தியப் பணிகளுக்கான 1968ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மேலதிகாரியின் ஆணை பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. வாய்மொழி ஆணைகளுக்கு அதிகாரிகள் கட்டுப்பட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2013இல் சொன்னது. தமிழரான முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கு அது. ஐ.ஏ.எஸ். அதிகாரி எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கலாம். சாக்கடைக்குள் ஆளை இறக்கச் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளர் கேட்க முடியுமா? 2013ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தடைசெய்திருந்தும், கேட்டவருக்கு மறுநாள் வேலை இருக்குமா? தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேற்றப்பட்டது 1995 ஏப்ரல் 27, சேலம் மத்திய சிறையில், ஆட்டோ சங்கருக்கு. அன்று அதிகாலையில் அங்கே நின்ற வார்டர்களில் யாராவது என்னால் முடியாது ஐயா என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படிச் சொல்ல ஒரு விதி இருந்ததா என்றாவது யாராவது பார்த்தோமா?

மரண தண்டனையை இன்றும் விடாத அமெரிக்காவில்கூட இதற்கு விதி இருக்கிறது. 1994இல் இயற்றப்பட்ட கூட்டாட்சி மரண தண்டனைச் சட்டம், அறநம்பிக்கையாலோ மதநம்பிக்கையாலோ விரும்பாத எந்தச் சிறை ஊழியரையும் தண்டனை நிறைவேற்றத்தில் பங்கெடுக்கவோ உடன் இருக்கவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. கைதியைத் தயார் செய்வது, கருவிகளைத் தயார் செய்வது, மற்றவர்களை மேற்பார்வையிடுவது எல்லாம் அதில் அடக்கம். கீழ்நிலை ஊழியருக்கும் பொருந்தும். அவர் மறுத்தால் கைதிக்கு எந்தக் கேடும் வரப்போவதில்லை.

மரண தண்டனையே ஒழிய வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதற்கு இன்னும் எத்தனை காலம் ஆகுமோ தெரியாது. அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒன்று இருக்கிறது. அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி சிறைத்துறை மாநிலங்களின் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடு சிறை விதிகள் 1983ஆம் ஆண்டு வந்தவை. கண்காணிப்பாளர், மருத்துவர், வார்டர், கயிறு திரிப்பவர், விசை இழுப்பவர் என்று யாராக இருந்தாலும், காரணம் எழுதாமலே, சம்பளமோ பதவி உயர்வோ இழக்காமல் இந்தப் பணியிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று ஒரே ஒரு விதியைச் சட்டமன்றத்தின் ஒப்புதலுக்காகக் காத்திராமல் அரசே அதில் சேர்க்க முடியும். சட்டம் பயிலும் மாணவர்களே, நீங்கள் அதற்கான வரைவை எழுதி, உள்துறைச் செயலாளருக்கு அனுப்புங்கள். எழுதும்போது சேலம் சிறைக்கும் புழல் சிறைக்கும் போய், அங்கே பணிபுரியும் வார்டர்களிடம் முதலில் கேளுங்கள். இதுவரை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.